கோயிலுக்கு வேன் பிடிக்கிறவங்க வாசிங்க: எங்கட 25,000 ரூபா போன கதை

எழுதக்குள்ளயே கை நடுங்குது. முந்தநாள் நடந்தது. முகநூலில வாடகை வேன் ஒழுங்கு பண்ணித் தாறதா ஒரு பக்கம் நடத்துறவன், எங்கட 25,000 ரூபாவை வாங்கிப்போட்டு இப்ப போன் எடுக்கிறான் இல்ல. பக்கத்திட பேரைப் போடல்ல. போட்டா முறைப்பாடு குடுத்துப் பதிவைத் தூக்க வைப்பான்.

தங்கச்சிட மகனுக்குப் போன வருசம் கடும் காய்ச்சல் வந்து கிடக்கக்குள்ள, உகந்தை முருகனிட்ட மொட்டை அடிக்கிறன் எண்டு அம்மம்மா நேந்தவ. பஸ்ஸில ஏலாது. பாணமை ஊரைக் கடந்தா உகந்தை வரைக்கும் காட்டு வழி, அதோட வயசுபோனவங்க, கைப்பிள்ளையள். அதால ஏசி வேன் கேட்டம். விடிய நாலரைக்கு மட்டக்களப்பு கல்லடியில ஏத்திறது, முதல் உகந்தை, வாற வழியில திருக்கோவில் முருகன், பின்னேரம் மண்டூர் முருகன். மொத்தம் 45,000, அட்வான்ஸ் 25,000.

அவன் கதைச்ச கதையைக் கேட்டா நீங்களும் குடுத்திருப்பீங்க. "உகந்தையை வெள்ளனவே முடிங்க அண்ணே, பொழுதுபட்டா அந்த றோட்டில யானை நிக்கும். திருக்கோவிலுக்கு உச்சிப் பூசைக்கு முந்தி வந்து சேருங்க. மண்டூருக்குக் குருமண்வெளியில வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில ஏறிப் போங்க, பிள்ளையளுக்குச் சந்தோசம். வேனைப் பட்டிருப்புப் பாலத்தால சுத்திக் கொண்டுவரச் சொல்றன்" எண்டான். மண்டூரில கப்புகனார் எண்டுற பூசகர் வாய் கட்டிப் பூசை செய்யிறதையும் சொன்னான். அம்மம்மாவோட கதைக்கணும் எண்டு கேட்டு, "முருகன்ட காரியம், நான் பார்த்துக்கொள்றன் அம்மம்மா" எண்டும் சொல்லிப்போட்டான். "காசைப் போட்டுவிடு மனே" எண்டா அவ. முன்கண்ணாடியில வேல் ஒட்டி, திருநீறு பூசின புது வேன் படமும் வந்தது. அந்தப் படத்தில இருந்த வேனை நாங்க கண்ணால காணவே இல்ல.

நாலரைக்கு ஒருத்தரும் வரல்ல. போன் அடிச்சா "ஆரையம்பதி தாண்டிட்டுது", "பாலத்தடியில நிக்குது". ஏழரைக்கு வந்தது ஒரு பழைய வேன். ஏசி இல்ல, பின்சீற்று கிழிஞ்சு கிடந்தது. பிள்ளைக்கு மொட்டை அடிக்கணுமே எண்டு ஏறினம். அக்கரைப்பற்று தாண்டித் திருக்கோவிலில றைவர் பொடியன் நிப்பாட்டிட்டான். "எனக்கு இதுவரைக்கும்தான் சொன்னது. அட்வான்ஸ் எண்டு ஒரு சதமும் என்ட கைக்கு வரல்ல அண்ணே. உகந்தைக்கு எண்டா வேற 30,000." அவனைக் குறை சொல்ல மாட்டன், அவனும் ஏமாந்தவன்தான். கோயிலுக்குள்ள போனா பூசை முடிஞ்சு நடை சாத்திட்டாங்க. அம்மம்மா வெயிலுக்குள்ள வீதியில குந்திட்டா. மண்டூரும் இல்ல, உகந்தையும் இல்ல. திரும்பி வாறதுக்குப் பொடியனுக்கு 18,000 எண்ணிக் குடுத்தம். அது வேற, இந்த 25,000 வேற.

அதுக்குப் பிறகு தொடங்கினது பாருங்க பம்மாத்து. முதல் "ஒரு கலியாண வீட்டில நிக்கன், பிறகு கதைக்கன்". அடுத்தது "ஓனர் கொழும்பில". பிறகு "பாங்க் சிஸ்டம் டவுன், திங்கள் கட்டாயம் போடுறன்". வட்ஸ்அப்பில அனுப்பினது எல்லாம் கிணத்தில போட்ட கல்லு. நேற்று மச்சாள்ட போனில இருந்து எடுத்தா ஒரு பொம்பளை, "அவர் கட்டாருக்குப் போயிட்டார்" எண்டா. ராவோட ராவா கட்டார்! அந்தப் பக்கத்தில நான் எழுதின கொமன்ட்டை அழிச்சிட்டு, இண்டைக்குக் காலமையும் கதிர்காமம் போக ஆள் சேர்க்கிறான், அதே வேன் படத்தைப் போட்டு. கட்டாரில இருந்தா இதைச் செய்யிறான்?

எப்படித் தப்பலாம் எண்டு விபரமா எழுதத்தான் குந்தினன், இப்ப ஆத்திரத்தில ஒண்டும் வருகுதில்ல. வேன் இலக்கத்தைக் கேளுங்க, வருமான அனுமதிப் பத்திரத்தையும் இன்சூரன்ஸையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வேன்காரனோட நேர கதைங்க, இடையில நிக்கிற ஆளோட இல்ல. அட்வான்ஸைக் கொஞ்சமாக் குடுங்க, மிச்சம் ஏறக்குள்ள. எந்தக் கோயில் வரைக்கும் எண்டு எழுத்தில வாங்குங்க. அவ்வளவுதான்.

இதே ஆளுக்குக் காசு கட்டினவங்க இருந்தா இன்பொக்ஸுக்கு வாங்க. 25,000 போட்ட ஸ்லிப்பும் அவன்ட வொய்ஸ் மெசேஜும் என்னட்ட இருக்கு. பொலிஸுக்குப் போறதெண்டா சேர்ந்து போவம்.