உரிமையாளரை வெளியேற்ற எந்த வழி? இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களின் ஆயுதங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பிடிக்காத உரிமையாளர் எல்லாரையும் ஒரே ரகமாகப் பார்ப்பதால்தான் பாதிப் போராட்டங்கள் வீணாகின்றன. ஓர் ஊரில் வேலை செய்த புறக்கணிப்பு இன்னோர் ஊரில் அணியைத்தான் கவிழ்க்கும். ஆகவே பேனர் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: பணம் எந்தத் திசையில் ஓடுகிறது? கிளப்பிலிருந்து உரிமையாளருக்கா, உரிமையாளரிடமிருந்து கிளப்புக்கா, அல்லது இரண்டு பக்கமும் வறண்டுவிட்டதா?

இதைத் தெரிந்துகொள்ள உளவாளி தேவையில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கும் 'கம்பெனிஸ் ஹவுஸ்' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். லாப நஷ்டத்தோடு நிறுத்திவிடாமல் பின்குறிப்புகளுக்குப் போக வேண்டும். தொடர்புடைய தரப்பினருடன் நடந்த கொடுக்கல் வாங்கல், உரிமையாளர் கொடுத்த கடன், அதற்கு வட்டி உண்டா இல்லையா, எந்தச் சொத்து யாரிடம் அடமானத்தில் இருக்கிறது, அரங்கம் கிளப்பின் பெயரில் இருக்கிறதா வேறு கம்பெனியின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஐந்தையும் பார்த்தால் எந்த ஆயுதம் பாயும், எது முனை மழுங்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

முதல் வகை, எடுப்பவர். மால்கம் கிளேசர் 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும்பங்கு கிளப்பின் தலையிலேயே ஏறியது, வட்டியும் அதோடு சேர்ந்தது. இரண்டாம் வகை, போடுபவர், ஆனால் நடத்தத் தெரியாதவர். நம்மூர்க் கடைகளில் கோழி விற்கும் புனே வெங்கீஸ் குடும்பம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பியது. 2012 மே மாதம் விகனிடம் தோற்று அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அன்று ரசிகர்கள் ஆடுகளத்தில் கோழி ஒன்றை விட்ட படம் உலகெங்கும் போனது. மூன்றாம் வகை, கை வறண்டவர்: ரெடிங்கின் டாய் யோங்கே, ஷெஃபீல்டு வெனஸ்டேயின் தேஜ்போன் சான்சிரி.

புறக்கணிப்பு

எல்லாரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் கணக்குப் போடாமல் எடுக்கிறார்கள். யுனைடெட்டின் 2023-24 வருவாய் 66.18 கோடி பவுண்டு. ஆட்ட நாள் வசூல் அதில் 13.71 கோடிதான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி தொலைக்காட்சியும் விளம்பரமும். அதோடு ஓல்டு டிராஃபோர்டில் நீங்கள் விடும் இருக்கையைப் பிடிக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேர் விலகினாலும் இருக்கை காலியாகாது, ஆள்தான் மாறும். கீழ் டிவிஷன்களில் கதையே வேறு. அங்கே வாயில் வசூல், அதாவது டிக்கெட் பணம்தான் சம்பளம்.

புறக்கணிப்புக்கு இலக்கணம் பிளாக்பூல். 2010-11-இல் ஒரே ஒரு சீசன் பிரீமியர் லீக்கில் ஆடிய கிளப் அது. அந்தக் காலத்தில் ஓவன் ஓய்ஸ்டனின் கம்பெனிக்குக் கிளப்பிலிருந்து 1.1 கோடி பவுண்டு போனது. அணி படிப்படியாக நான்காம் டிவிஷன் வரை விழுந்தது. 'ஒரு பென்னிகூடக் கிடையாது' என்று ரசிகர்கள் முடிவெடுத்தார்கள். டிக்கெட் மட்டுமல்ல, ஜெர்சி, ஆட்ட மலர், இடைவேளையில் தின்னும் 'பை' பலகாரம், கார் நிறுத்தக் கட்டணம் எதற்கும் காசு கிடையாது. 2017 மே மாதம் வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். எக்ஸிடரை 2-1 என்று வென்று அணி மேலேறியது. சாதாரணமாக ஓர் ஊரே கிளம்பிப் போகும் நாள் அது, பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த வைராக்கியம் இல்லாவிட்டால் இந்த வழியைத் தொடாமல் இருப்பது நல்லது. அரைகுறைப் புறக்கணிப்பு உரிமையாளருக்குத்தான் சாதகம். 'இவர்கள் கத்துவார்கள், பிறகு வந்துவிடுவார்கள்' என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

காலமும் முக்கியம். கிளப்புகளுக்குக் கோடையில் ஆட்டம் கிடையாது, சம்பளம் மட்டும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்புவது வசந்த காலத்தில் வசூலாகும் சீசன் டிக்கெட் பணம். நவம்பரில் ஓர் ஆட்டத்தைப் புறக்கணித்தால் செய்தி வரும். புதுப்பிப்புக் கெடு முடியும்வரை கட்டாமல் இருந்தால்தான் கிளப்பின் வங்கிக் கணக்கில் ஓட்டை தெரியும். வெளியூர் ஆட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம், லீக் ஆட்டங்களில் வசூல் ஆட்டம் நடக்கும் ஊர்க் கிளப்புக்குத்தான். கோப்பை ஆட்டங்களில் மட்டும் கவனம் தேவை, எஃப்.ஏ. கோப்பையில் வாயில் வசூல் பங்கிடப்படும்.

எங்கே பிசகும்? நியூகாசிலில் மைக் ஆஷ்லிக்கு எதிராக இருக்கைகள் காலியானபோது கிளப் 10,000 அரை சீசன் டிக்கெட்டுகளை இலவசமாகவே கொடுத்து அரங்கத்தை நிரப்பிவிட்டது. பிளாக்பர்னில் பிசகு இன்னும் மோசம். வெங்கீஸ் இன்றுவரை கொட்டிய பணம் வாயில் வசூலைப் போல் பல மடங்கு. அமலாக்கத் துறை விசாரணை காரணமாக 2023 முதல் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அந்த நிலையில் அரங்கமும் காலியானால் உரிமையாளருக்கு வலிக்காது, அடுத்த இளம் வீரர் விற்கப்படுவார். 2024 தொடக்கத்தில் ஆடம் வார்ட்டன் கிறிஸ்டல் பேலஸுக்குப் போனது அந்த நெருக்கடிக் காலத்தில்தான்.

கை வறண்டவர் விஷயத்தில் புறக்கணிப்பு வேகமாக வேலை செய்யும், விலையும் அதிகம். வெனஸ்டே ரசிகர்கள் 2025 அக்டோபர் 22 அன்று மிடில்ஸ்பரோ ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். இரண்டே நாளில் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. வரிப் பாக்கி ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, எனவே புறக்கணிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சான்சிரி போனார். கூடவே 12 புள்ளிகளும் போயின, அது லீக் விதிப்படி தானாக வரும் தண்டனை. இதையும் ஏற்கத் தயாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆடுகளத்தில் இறங்குவதும் டென்னிஸ் பந்து வீசுவதும்

கவனம் ஈர்ப்பதில் இதற்கு ஈடில்லை. 2016 அக்டோபரில் சார்ல்டன், கவென்ட்ரி ரசிகர்கள் கைகோத்து ஆடுகளத்தில் பிளாஸ்டிக் பன்றிகளை வீசினார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வெறுக்கத்தக்க உரிமையாளர், எனவே எதிரணி என்ற பேச்சே இல்லை. 2024 ஜனவரி 13 அன்று ரெடிங்கில் ரசிகர்கள் ஆடுகளத்தில் இறங்கியதால் போர்ட் வேல் ஆட்டம் 16-ஆம் நிமிடத்தில் நின்று, பிறகு கைவிடப்பட்டது. ஆனால் டாய் கிளப்பை விற்று முடித்தது 2025 மே மாதம். நடுவே 16 மாதம்.

யுனைடெட்டில் 2021 மே 2 அன்று லிவர்பூல் ஆட்டத்தையே நடக்கவிடாமல் செய்தார்கள். பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக்கின் அறிவிப்புச் சூடு ஆறாத நேரம். ஆட்டம் 11 நாள் கழித்து நடந்தது, யுனைடெட் 2-4 என்று தோற்றது. கிளேசர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1991-ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியின்றி ஆடுகளத்தில் கால் வைப்பதும் குற்றம், அதை நோக்கிப் பொருள் எறிவதும் குற்றம். டென்னிஸ் பந்துக்கு விதிவிலக்கில்லை. சிறை இல்லாவிட்டாலும் 3 முதல் 5 ஆண்டு வரை எந்த மைதானத்துக்கும் போக முடியாத தடை ஆணை வரலாம். பெரிய பேனர் கொண்டுபோவதானால் துணி தீப்பிடிக்காதது என்ற சான்றிதழைப் பெரும்பாலான கிளப்புகள் கேட்கும். அது இல்லை என்று சொல்லி வாசலிலேயே மடக்கிவிடுவார்கள், எழுதியிருப்பதை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

ஜெர்மனியில் மட்டும் இதே டென்னிஸ் பந்து ஜெயித்தது. ஒளிபரப்பு வருவாயில் 8 சதவீதம் வரை முதலீட்டாளருக்கு விற்க 2023 டிசம்பரில் 36 கிளப்புகளில் 24 சம்மதித்தன. அது சரியாக மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வாக்கு குறைந்தாலும் தீர்மானம் விழுந்திருக்கும். பந்துகள், சாக்லேட் நாணயங்கள், புகை கக்கும் பொம்மை கார்கள் என்று வாராவாரம் ஆட்டங்கள் நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் பின்வாங்கியது. காரணம் பந்தல்ல. '50+1' விதியால் வாக்குப் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்கிறது, எனவே கிளப் தலைவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பிடிமானம் கிடையாது.

நிறம் மாற்றுவது

2010-இல் யுனைடெட் ரசிகர்கள் சிவப்பை விட்டுவிட்டு, கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சை-பொன் நிறத்துக்கு மாறினார்கள். எதிரணியான மிலனுக்காக ஆடிவிட்டுப் போன டேவிட் பெக்கமே அந்த ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். செலவில்லை, சட்டச் சிக்கல் இல்லை, காசு கிளப்புக்கும் போகாது. ஆனால் இது ஆட்பலத்தைக் காட்டத்தான் உதவும். அந்த அலையில் கிளப்பை வாங்க முன்வந்த 'ரெட் நைட்ஸ்' பணக்காரக் குழு சில மாதங்களில் திட்டத்தைக் கிடப்பில் போட்டது.

பங்கு வாங்குவது

சலிப்பான வழி. என்னைக் கேட்டால் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் வழியும் இதுதான். பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டத்தில் சில எண்களை நினைவில் வைத்தால் போதும். 5 சதவீதம் இருந்தால் பங்குதாரர் கூட்டம் கூட்டச் சொல்லலாம். 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிறப்புத் தீர்மானங்களைத் தடுக்கலாம். ஒருவர் மற்றவர்களிடம் விலைகேட்டு 90 சதவீதத்தைச் சேர்த்துவிட்டால் மீதிப் பேரைக் கட்டாயமாக வெளியேற்றலாம்.

ஸ்வான்சீ ரசிகர் அறக்கட்டளையிடம் 21 சதவீதம் இருந்தது. 25-ஐத் தாண்டவில்லை. 2016-இல் மற்ற பங்குதாரர்கள் அறக்கட்டளையைக் கலந்துகொள்ளாமலேயே அமெரிக்கர்களுக்கு விற்றார்கள். பெரிய பங்கு வைத்திருந்தும் செய்தி கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை! யுனைடெட்டில் வாங்குவது இன்னும் வீண். நியூயார்க் சந்தையில் கிடைக்கும் 'ஏ' பங்குக்கு ஒரு வாக்கு, கிளேசர்களிடம் இருக்கும் 'பி' பங்குக்குப் பத்து வாக்கு. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் பிளாக்பூலைப் பாருங்கள். ஓய்ஸ்டனை வீழ்த்திய அடி நீதிமன்றத்தில் விழுந்தது. 2006-இல் 20 சதவீதம் வாங்கிய லாட்வியரான வலேரி பெலகோன், சிறுபான்மைப் பங்குதாரருக்கு அநீதி என்று கம்பெனிச் சட்டத்தின் 994-ஆம் பிரிவில் வழக்குப் போட்டார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் கிளப்பின் பணம் முறைகேடாக உருவப்பட்டதாகச் சொல்லி, பெலகோனுக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. ஓய்ஸ்டனால் முழுவதும் கட்ட முடியவில்லை. 2019 பிப்ரவரியில் ரிசீவர், அதாவது பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் நியமித்தவர், வந்தார். மார்ச் 9 அன்று சவுத்எண்ட் ஆட்டத்துக்கு ரசிகர்கள் திரும்பினார்கள், 15,871 பேர். காலி இருக்கைகள் கிளப்பின் மதிப்பைக் குறைத்துப் பணத்தை இறுக்கின, வழக்கு கதவை உடைத்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் இழுத்திருக்கும்.

முழுக் கிளப்பையும் வாங்குவதற்கு ஏற்ற நேரம் திவால் காலம்தான், விலை அப்போதுதான் எட்டும். போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013-இல் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டு அப்படித்தான் வாங்கினார்கள். 2017-இல் மைக்கேல் ஐஸ்னர் குடும்பத்துக்கு விற்பதை அவர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்வது, உறுதிமொழித் தொகை சேர்ப்பது, வழக்கறிஞர் பிடிப்பது எல்லாம் நெருக்கடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். திவால் நிர்வாகியின் கடமை கிளப்புக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு. கையில் பணம் இருப்பதைக் காட்டுபவரிடம்தான் அவர் பேசுவார்.

புதுக் கிளப்

இதை மற்றவற்றோடு ஒப்பிடுவதே கொஞ்சம் தப்பு. இது உரிமையாளரை வெளியேற்றாது, நீங்கள் வெளியேறுகிறீர்கள். விம்பிள்டனுக்கு வேறு வழியில்லை. 2002 மே 28 அன்று கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் பொதுத் திடலில் வீரர் தேர்வு நடத்தி ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011-இல் தொழில்முறை லீக், 2020 நவம்பரில் மீண்டும் பழைய இடமான பிளவ் லேன். தாய்க் கிளப் ஊரில் இல்லாததுதான் அவர்களின் பலம், கூட்டம் பிரியவில்லை.

கிளேசர்களை எதிர்த்து யுனைடெட் ரசிகர்கள் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டருக்கு அந்தச் சலுகை இல்லை. 2005-இல் பத்தாம் நிலையில் தொடங்கி மூன்று சீசனில் மூன்று ஏற்றம் கண்டது, 2015-இல் மாஸ்டனில் சொந்த மைதானம் கட்டியது. ஓர் உறுப்பினர், ஒரு வாக்கு. ஆனால் 2016-இல் உட்பூசலில் நிர்வாகக் குழுவே கலைந்தது, 2019-இல் அணி ஆறாம் நிலையிலிருந்து இறங்கியது. நல்ல கிளப், மகிழ்ச்சியான சனிக்கிழமைகள். கிளேசர்களின் தூக்கம் மட்டும் கெடவில்லை.

சட்டமும் ஒழுங்காணையமும்

2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியலாம், ஓல்டு டிராஃபோர்டு 2013-இல் பதியப்பட்டது. விற்க வந்தால் சமூகக் குழுவுக்கு 6 மாத அவகாசம். உரிமையாளர் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்பெனியின் பங்கை விற்றால் இந்தத் தடை பொருந்தவே பொருந்தாது, கிளப்புகள் கைமாறுவதோ பெரும்பாலும் அப்படித்தான்.

2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் மேல் ஐந்து நிலைகளுக்கும் ஒரு சுயாதீன ஒழுங்காணையத்தைத் தந்தது. தகுதியற்ற உரிமையாளரை, ஏற்கெனவே இருப்பவரையும் சேர்த்து, வெளியேற்ற அதற்கு அதிகாரம் உண்டு. மோசமான பயிற்சியாளரை வைத்தார், வீரரை விற்றார் என்ற புகார் அங்கே செல்லாது. தாமதமான சம்பளம், வரிப் பாக்கி, விளக்கமில்லாத கடன் ஆகியவற்றைத் தேதியோடும் ஆவணத்தோடும் கொடுத்தால்தான் கோப்பு நகரும்.

எதை எடுப்பது?

எடுப்பவருக்கு எதிராகக் கீழ் டிவிஷனில் புறக்கணிப்பும் வழக்கும் சேர்ந்து. கை வறண்டவருக்கு எதிராகத் தயாரான அறக்கட்டளை, அதன் பிறகே காலி இருக்கை. கிளேசர் போன்ற பெரிய கிளப் உரிமையாளரை அவருக்குப் பிடித்த விலைதான் நகர்த்தும். 2024-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்குக்கு 33 டாலர் கொடுத்து உள்ளே வந்த பிறகும் வாக்குப் பெரும்பான்மை அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. பணம் போடும் வெங்கீஸ் போன்றவர்களிடம் புறக்கணிப்பைவிட, வாங்குபவரைத் தேடிப்பிடித்து விலை பேச உட்கார வைக்கும் அழுத்தமே பொருத்தம்.

யாராக இருந்தாலும் கோரிக்கையில் 'வெளியே போ' என்பதோடு இன்னொரு வரியும் வேண்டும்: அரங்கத்தையும் சேர்த்து விற்க வேண்டும். சார்ல்டனில் ரோலண்ட் துஷாட்லே 2020 ஜனவரியில் கிளப்பை விற்றார், தி வேலி மைதானத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். புதிதாக வந்தவர்கள் சில மாதங்களிலேயே ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள், செப்டம்பரில் கிளப் மறுபடி கைமாறியது. மைதானம் அப்போதும் பழைய உரிமையாளரிடம்தான் இருந்தது.