அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல 4,500 ரூபா போச்சு, வால்வு ஆம்ப் கட்டுறவங்க படிச்சிட்டு வாங்குங்க

நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் விஷயம் புரிஞ்சுது, இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

கிடாருக்காக வீட்லயே ஒரு சின்ன வால்வு ஆம்ப் கட்டினேன், பழைய ரேடியோவுல இருக்கிற கண்ணாடி வால்வு வெச்ச ஆம்ப்ளிஃபையர். 1950கள்ல வந்த ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட், சிக்னல மொதல்ல பெருசாக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கர ஓட்ட பவர் வால்வா ஒரு 6வி6, ஏசிய டிசியாக்கற ரெக்டிஃபையருக்கு 5ஒய்3, அவ்ளோதான், அஞ்சு வாட்டு வந்தா பெருசு. மத்த சாமானெல்லாம் எப்படியாவது கெடச்சிடும், மாட்டிக்கிறது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்லதான், பவர் வால்வுல வர்ற சிக்னல ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிறது அதுதான். இதுல பவர் வால்வு ஒண்ணே ஒண்ணு, 40 மில்லிஆம்ப் கிட்ட டிசி எப்பவும் ஒரே பக்கமா பிரைமரி (வால்வு பக்கத்துக் காயில்) வழியா ஓடிக்கிட்டே இருக்கும். அதனால கோர்ல, அதான் உள்ள இருக்கிற இரும்புத் தகடு அடுக்குல, ஏர் கேப்னு ஒரு சின்ன இடைவெளி கண்டிப்பா வேணும், இல்லன்னா சும்மா இருக்கும்போதே டிசி கோரை காந்தமாக்கி நிரப்பி வெச்சிடும், மேல சிக்னல் வந்தா தாங்க எடம் இருக்காது.

இத்தனையும் அந்தக் கடைக்காரர்கிட்ட வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்டேன். பழைய ரேடியோ, ஆம்ப் சாமான் விக்கிற கடை. உள்ள ஒரு வால்வு ரேடியோ பாடிட்டு இருந்துச்சு, அத பாத்ததுமே மனசு எளகிடுச்சு. "தம்பி, எங்கப்பா காலத்துலேருந்து இதான் தொழிலு, கேப் வெச்சது, 5கே, நாலு ஓம் ஸ்பீக்கருக்கு"ன்னு சொல்லி கறுப்பு பெயின்ட் அடிச்ச ஒரு பீஸை கையில குடுத்து "வெயிட்டப் பாரு"ன்னாரு. மீட்டர் வெச்சும் காட்டினாரு, பிரைமரி 280 ஓம், செகண்டரி (ஸ்பீக்கர் பக்கத்துக் காயில்) ஒரு ஓமுக்குக் கீழ. 5கேன்னு சொல்றது சிக்னலுக்கான இம்பீடன்ஸ் 5,000 ஓம், மீட்டர்ல தெரியிற கம்பியோட ஓம் வேற. நான் அப்படியே நம்பிட்டேன். அந்த மீட்டர் ரீடிங்ல கம்பி அறுந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும், கேப் இருக்கான்னு எங்க தெரியும்? அங்கயே நின்னு 4,500 ரூபா ஜிபே பண்ணேன். பில் கேட்டதுக்கு "நம்ம கடை எங்க போயிடப் போவுது"ன்னாரு.

வீட்டுக்கு வந்து மாட்டி வாசிச்சா, வால்யூம் மூணுலயே கிடாரோட தடியான கீழ் ஈ (E) கம்பி பேப்பர் கிழியற மாதிரி கரகரங்குது. மேல் கம்பிங்க பரவால்ல. போன் பண்ணேன். "வால்வு ஆம்புன்னாலே டிஸ்டார்ஷன் வரும் தம்பி, அதுக்குத்தானே எல்லாரும் இத கட்டுறாங்க." ஃபுல்லா வெச்சா வர்ற டிஸ்டார்ஷன் வேற, இது வேறண்ணேன்னு சொன்னா வால்வை மாத்திப் பாக்கச் சொன்னாரு. 2,300 ரூபாய்க்கு இன்னொரு 6வி6 வாங்கிப் போட்டேன், அதே கரகரப்பு. அடுத்து பிரைமரி வயர் ரெண்டையும் மாத்திப் போடச் சொன்னாரு, மாத்தினா ஸ்பீக்கர் பக்கத்துலேருந்து திரும்ப உள்ள போற ஃபீட்பேக் தலைகீழாயி ஆம்ப் ஊளையிடுது, பக்கத்து வீட்டுக்காரங்களே வந்து கேட்டாங்க. திருப்பிப் போட்டேன். கடைசியா ஸ்பீக்கர் ஓட்டைன்னாரு. அதே ஸ்பீக்கரை ஃப்ரெண்டோட ஆம்ப்ல போட்டா சுத்தமா பாடுது.

பத்து நாளா ஒவ்வொண்ணா பாத்தேன். ரெண்டு வால்வுக்கும் நடுவுல இருக்கிற கப்ளிங் கெப்பாசிட்டர் லீக் ஆகுதோன்னு 6வி6 அஞ்சாவது பின்ல (சிக்னல் நுழையற கிரிட்) வோல்டேஜ் பாத்தேன், சுழி. எட்டாவது பின்ல, அதாவது கேத்தோடுல, 20 வோல்ட், கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம், கணக்குப் போட்டா 42 மில்லிஆம்ப், ஒரு குறையும் இல்ல. அப்புறம்தான் மொபைல்ல டோன் ஆப் போட்டு சின்ன சிக்னலா உள்ள விட்டேன். 400 ஹெர்ட்ஸ்ல கண்ணாடி மாதிரி இருக்கு. அப்படியே எறக்கிட்டே வந்தா 100க்குக் கீழ கரகரன்னு ஆரம்பிக்குது. கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். கோர் நிரம்பினா மொதல்ல அடி வாங்கறது கீழ் சத்தம்தான், அப்பவே டிரான்ஸ்ஃபார்மர் மேல சந்தேகம் வந்துடுச்சு. ஃப்ரெண்டோட ஆம்ப்லேருந்து டிரான்ஸ்ஃபார்மர கழட்டி வாங்கிட்டு வந்து போட்டேன், வால்யூம் அஞ்சு வரைக்கும் சுத்தமா கேக்குது. பத்து நாள் கழிச்சு மொதத் தடவையா அந்த ஈ கம்பிய முழுசா கேட்டேன், நெஜமா கண்ணு கலங்கிடுச்சு.

கடையில வாங்கினத பிளேடால சுரண்டினேன். கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில பழைய வார்னிஷ். அதுக்கும் அடியில தகடு. கேப் வெச்ச கோர்ல ஈ (E எழுத்து வடிவ) தகடெல்லாம் ஒரு பக்கம், ஐ (I எழுத்து வடிவ) தகடெல்லாம் ஒரு பக்கம், நடுவுல பேப்பர், ஜாயின்ட் ஒரே நேர்கோடா தெரியணும். இதுல ஒரு தகட்டோட ஜாயின்ட் இந்தப் பக்கம், அடுத்ததோடது அந்தப் பக்கம், செங்கல் கட்டு மாதிரி மாத்தி மாத்தி அடுக்கியிருக்கு. பேப்பரே கெடையாது. எதோ பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டாரு, 4,500 ரூபாய்க்கு.

காலையில நேர்ல போனேன். "நீ சுரண்டிட்டியே, சுரண்டின சாமான எப்படி எடுப்பேன், பில் இருக்கா?"ன்னாரு. பில் வேணாம்னு சொன்னதே அவருதான்! மத்தியானத்துக்கு மேல போனே எடுக்கல. அந்த 4,500 ரூபா நான் நாலு மாசம் சேத்து வெச்சது, டியூஷன் எடுத்த காசு.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன், வெவரமா எழுத இப்ப பொறுமை இல்ல. பெயின்ட் அடிச்ச கோரை வாங்காதீங்க, ஜாயின்ட்ட கண்ணால பாருங்க. மீட்டர் காட்டினா மயங்காதீங்க. பில் இல்லாம ஒத்த ரூபா குடுக்காதீங்க. கழட்டறப்போ பிளக்க புடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ரெசிஸ்டர் வெச்சு எறக்கிட்டு, மீட்டர்ல பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

ஃப்ரெண்டோடத ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுக்கணும். கேப் வெச்சு ஒழுங்கா காயில் சுத்தித் தர்றவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, 5கே பிரைமரி, நாலு ஓம், 50 மில்லிஆம்ப் தாங்கணும். இந்தத் தடவை சுத்தும்போது பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்.