எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர் – நெருங்க விடாத கனவு

நண்பர் ஒருவருக்கு எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர் என்ற பழைய வீடியோ விளையாட்டின் அசல் ஜப்பானிய டிஸ்க் விலைக்கு வந்திருக்கிறது. பல நூறு டாலர் சொல்கிறார்களாம். "நீதான் வருஷக்கணக்கா ஆடுறியே, வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1998இல் சோனியின் விளையாட்டு இயந்திரமான முதல் பிளேஸ்டேஷனுக்காக ஜப்பானியக் கலைஞர் ஒசாமு சாட்டோ உருவாக்கியது. இலக்கு இல்லை, சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. கனவுக்குள் நடக்கிறோம், சுவரிலோ ஆளிலோ மோதினால் வேறோர் இடத்தில் போய் நிற்கிறோம், அதிகம் போனால் 10 நிமிடத்தில் விழிப்பு வந்துவிடும். ஒவ்வொரு கனவும் ஒரு நாள் என்று கணக்கு.

எனக்குத் தீராத எரிச்சல் இந்த மோதல்தான். பழைய ஜப்பானியக் கோயில் ஊர் ஒன்று வரும். கூரை, மரம், வாசல் எல்லாமே கிட்டப் போய்ப் பார்க்கத் தூண்டும். ஓரடி கூடுதலாக வைத்தால் போச்சு, திரை வெளுத்து வேறெங்கோ இருப்போம். பொத்தானை அழுத்தினால் உருவம் மெதுவாகத்தான் திரும்பும். குறுகிய நடைவழியில் திரும்பும்போது தோள் உரசினாலே அந்த இடம் போய்விடும். கனவு அப்படித்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கனவுகளில் கதவை நெருங்கினால் கதவு அங்கேயே நிற்கிறது; திறப்பவரின் முகம்தான் மாறிவிடுகிறது.

சரி, இவ்வளவு எரிச்சலோடு ஏன் இன்னும் ஆடுகிறேன்? அந்தச் சுவர்களின் நடுக்கத்துக்காக.

முதல் பிளேஸ்டேஷனில் சுவர், தரை எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் வரையப்படும். அவற்றின் முனைகள் திரையில் முழு பிக்சலில்தான் (திரையின் ஒரு புள்ளியில்தான்) நிற்க முடியும், பாதிப் பிக்சலில் நிற்க முடியாது. நாம் நகர நகர ஒவ்வொரு முனையும் பக்கத்துப் பிக்சலுக்குத் தாவும். சுவரில் ஒட்டிய படமும் தூரத்துக்கு ஏற்ற கணக்கு இல்லாமல் வரையப்படுவதால் கிட்டப் போகும்போது வளைந்து நெளியும். மற்ற விளையாட்டுகளில் இது குறைதான். கார் பந்தயத்தில் சாலை நெளிந்தால் யாருக்குப் பிடிக்கும்? இங்கே மட்டும் அது பொருந்திப்போகிறது. பத்தடிக்கு அப்பால் இருட்டு, அதற்குள்ளிருந்து நெளிந்துகொண்டே ஒரு வீடு வெளிவருகிறது. காலடிச் சத்தம் வேறு கூடவே வந்துகொண்டிருக்கும். நாள் எண் ஏற ஏற அதே வீட்டின் சுவர்களில் வேறு படங்கள். தெரிந்த இடம்தான், ஆனால் எதுவோ சரியில்லை என்ற அந்த உணர்வைப் புதிய விளையாட்டுகள் எதிலும் நான் இப்படி அனுபவித்ததில்லை.

அதனால்தான் எமுலேட்டரில், அதாவது கணினியைப் பழைய பிளேஸ்டேஷன்போல நடிக்க வைக்கும் மென்பொருளில், ஆடுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பிஜிஎக்ஸ்பி என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். முனைகளின் தாவலையும் படத்தின் நெளிவையும் அது நேராக்கிவிடும். அதைப் போட்டுப் பார்த்தேன். சுவர் சுவராக நிற்கிறது, தரை தரையாக இருக்கிறது, கனவைக் காணோம். காலியான 3டி அறைகள்தான் மிச்சம்.

இன்னொன்று. இது இந்த விளையாட்டை வெளியிட்ட அஸ்மிக் ஏஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிரோகோ நிஷிகாவா பல ஆண்டுகள் எழுதிவந்த கனவு நாட்குறிப்பிலிருந்து பிறந்தது. சில நாட்களில் நடக்கவே விடாமல் வெறும் எழுத்து மட்டும் வரும். முன்பு எனக்கு அது ஜப்பானிய எழுத்துகள் நிறைந்த ஒரு திரை, அவ்வளவுதான். 2020இல் ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் பிறகு அந்த நாட்களுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். யாரோ ஒருவர் காலையில் எழுந்ததும் மறப்பதற்குள் எழுதிவைத்தது என்று தெரிந்தபின் அதை வேகமாகத் தாண்டிப்போக மனம் வருவதில்லை.

அப்புறம் அந்தச் சாம்பல் நிற மனிதன். தொப்பியும் நீளக் கோட்டுமாக நம்மை நோக்கி வருவான். கிட்ட வந்தால் திரை பளிச்சென்று மின்னும், ஆள் மறைந்துவிடுவான். கூடவே, பார்த்த கனவுகளுக்குத் திரும்பிப்போகும் ஃப்ளாஷ்பேக் வசதியும் போய்விடும். நேற்று இரவு திரும்பவும் வந்தான். ரொம்ப நாள் கழித்து அழகான ஒரு கனவு கிடைத்திருந்தது, இன்னொரு முறை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். போச்சு. நெருங்கிப் பார்க்கவும் விடாது, திரும்பிப் பார்க்கவும் விடாது என்றால் ஆடுபவன் என்னதான் செய்வது? இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதே. 2010இல் ஜப்பானிய பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதிவிறக்கமாகவும் வந்த ஒன்றின் டிஸ்க்குக்கு அத்தனை பணம் வேண்டாம். என் வீட்டுக்கு வந்து ஆடிப் பார். திரையைப் பழைய 4:3 அளவிலேயே வைத்திருக்கிறேன், அதை மட்டும் மாற்றாதே.