டொயோட்டா 86க்குக் கழுவிப் பாவிக்கும் எயார் ஃபில்டர்: மட்டக்களப்பில் எடுபடுமா?

எடுபடும், ஆனால் விற்கும் பெட்டியில் ‘பவர் கூடும்’ என்று எழுதியிருக்கும் காரணத்துக்காக அல்ல.

இங்கே சொல்லப்படுவது கே அண்ட் என் (K&N) கொம்பனி செய்கிற வகை ஃபில்டர். எண்ணெய் பூசிய பருத்தி வலையில் செய்து, காரின் ஒரிஜினல் ஃபில்டர் பெட்டிக்குள் கடதாசி ஃபில்டர் இருந்த இடத்திலேயே உட்காருவது. பைப் மாற்றத் தேவையில்லை, வெட்டுக்கொத்தும் இல்லை. பொனட்டைத் திறந்து, பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து மூட, சாவகாசமாகச் செய்தாலும் கால் மணித்தியாலம் போதும்.

முதலில் பவர். 86இன் எஃப்ஏ20 எஞ்சின் 1,998 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் அவ்வளவு காற்றை இழுக்கும் என்றால், 7,000 சுற்றில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 7,000 லீற்றர். 2012இல் கார் வந்தபோது கொம்பனி சொன்ன 200 குதிரைவலு அந்த 7,000 சுற்றில்தான் கிடைக்கிறது. ஒரிஜினல் பெட்டி இந்தக் காற்றுக்குத் திணறுவதில்லை. அதன் வாய் ரேடியேற்றருக்கு மேலே, முன்பக்கத்துக் குளிர்காற்றைப் பிடிக்கிற இடத்தில் இருக்கிறது. ஆகவே ஃபில்டரை மட்டும் மாற்றினால் கூடுவது ஒன்றிரண்டு குதிரைவலு, அதுவும் உச்சச் சுற்றில். சீற்றில் இருப்பவருக்குத் தெரியாது. 3,500க்கும் 4,500க்கும் இடையில் இந்தக் கார் சோர்ந்து போகிற அந்தப் பிரசித்தமான பள்ளத்தை எந்த ஃபில்டரும் நிரப்பாது. அது எக்ஸோஸ்ட் ஹெடரும் (எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் முதல் குழாய்கள்) டியூனும் (எஞ்சின் கொம்பியூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) செய்கிற வேலை. இன்னொன்று, இது கலவையை 12.5இல் ஒரு பங்காக நசுக்கும் (கொம்பிரஷன் 12.5க்கு 1) எஞ்சின். 92 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் நொக் (கலவை நேரம் தப்பித் தானே வெடிப்பது) வரப் பார்க்கும், கொம்பியூட்டர் பிளக் பொறி அடிக்கும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வந்த ஒன்றிரண்டும் போய்விடும். ஃபில்டருக்குக் காசு செலவழிக்க முதல் 95க்கு மாறுங்கள்.

அப்படியென்றால் இதில் என்ன நல்லது? கழுவலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரைப் பக்கத்து மணலும், வயல் வெட்டும் காலத்தில் வெட்டு மெசின் கிளப்பும் உமித்தூசியும் கடதாசி ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். திரும்பத் திரும்ப வாங்குவதற்கு ஒரு முடிவு இது. ஃபில்டர் கொம்பனி நெடுஞ்சாலைக் கணக்கில் 80,000 கிலோமீற்றர் என்று சொல்வதை இங்கே நம்பக் கூடாது. 5,000க்கு ஒருக்கால் திறந்து பாருங்கள். மடிப்புகளுக்கிடையில் தூசி நிரம்பி, கம்பி வலை தெரியாமல் போனால் கழுவும் நேரம்.

கழுவுவதில்தான் ஆட்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள். அதற்கென்று வரும் கிளீனரை இரு பக்கமும் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். பிறகு சுத்தமான பக்கத்தில் இருந்து அழுக்குப் பக்கத்துக்குத் தண்ணீர் போக வேண்டும். மாறி அடித்தால் தூசி வலைக்குள்ளேயே இறுகிவிடும். பைப்பில் மெதுவாக வரும் தண்ணீர் போதும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் வோஷரும் கொம்பிரஸர் காற்றும் வலையைப் பிரித்துவிடும். நிழலில், முற்றாகக் காய வேண்டும். பிறகு ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடாக எண்ணெய். இருபது நிமிடம் ஊற விட்டு, வெளிறிய இடம் தெரிந்தால் அங்கே மட்டும் தொட்டுவிடுங்கள்.

எண்ணெய் கூடினால் அது காற்றோடு போய் உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சரின் சூட்டுக் கம்பியில் படியலாம். சென்சர் காற்றைக் குறைத்துச் சொல்லும், பெற்றோல் குறைந்து கலவை மெலியும், ஐடில் ஆடும், பி 0101 அல்லது பி 0171 என்ற பிழைக் குறியீட்டோடு எஞ்சின் லைற் எரியும். இது ஃபில்டரின் பிழையா, பூசினவரின் பிழையா என்ற வாதம் முடிந்தபாடில்லை. நம் கணிப்பில் பெரும்பாலும் பூசினவர்தான். இரண்டு ஸ்குரூவைக் கழற்றிச் சென்சரை எடுத்து, எம்ஏஎஃப் கிளீனர் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். கார்பரேற்றர் கிளீனர் வேண்டாம். கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடவே வேண்டாம்.

பூட்டி 1,000 கிலோமீற்றர் ஓடியபின், ஃபில்டருக்கு அடுத்த பைப்பின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் தெரிந்தால் ரப்பர் விளிம்பு சரியாகப் பதியவில்லை. விளிம்பில் மெல்லிதாய் சிலிக்கன் கிறீஸ் பூசி மீண்டும் மூடுங்கள். நுண்தூசியைப் பிடிப்பதில் நல்ல கடதாசி ஃபில்டர் பருத்தி வலையைவிட ஒரு படி மேல். படுவான்கரைக் கிறவல் றோட்டில் தினமும் போய் வருகிறவர் ஒரிஜினல் கடதாசியிலேயே இருப்பது புத்தி.

பெட்டியையே தூக்கிவிட்டுக் காளான் மாதிரி ஒரு ஃபில்டரைத் திறந்தபடி பூட்டுவது வேறு கதை. சத்தம் வரும், மறுக்கவில்லை. உச்சச் சுற்றில் அந்த உறிஞ்சல் கேட்க இனிமைதான். ஆனால் கல்முனைச் சந்தையடி நெரிசலில் ஊர்ந்தால் அது பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும். 35 பாகைக் காற்று 60 பாகையானால் அடர்த்தி ஏழரை சதவீதம் குறைகிறது. பவரும் கூடவே விழும். பைப்பின் விட்டம் மாறினால் இன்னும் மோசம். சென்சர் இருக்கும் இடத்தில் உதாரணத்துக்கு 70 மில்லிமீற்றர் 76 ஆனால், பரப்பு 18 சதவீதம் கூடும், அதே காற்றுக்குச் சென்சர் காட்டுவது குறையும். காரின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஓபிடி ஸ்கானரில் லோங் டேர்ம் ஃபியூவல் டிரிம் (கொம்பியூட்டர் பெற்றோலைத் திருத்தும் அளவு) பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கிற் டியூன் இல்லாமல் ஓட்டத் தகாதது. கெபினுக்குள் சத்தம் அனுப்பும் குழாயைக் கழற்றினால் அந்தத் துளையை இறுக்கமாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சென்சருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும்.

பம்பருக்குக் கீழே இறக்கி வைக்கும் நீளப் பைப் கிற்றை இங்கே யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம். மாரி மழைக்கு றோட்டில் தண்ணீர் நிற்கிற ஊர் இது. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 43 மில்லிலீற்றர், மூன்று மேசைக்கரண்டி கூட இல்லை. அதைவிடக் கூடத் தண்ணீர் உள்ளே போனால் அது நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொன்-ரொட் வளையும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்ரார்ட் அடிக்காதீர்கள். தள்ளி வெளியே எடுத்து, பிளக் நாலையும் கழற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.