என்ஃபோல்ட்: தழுவினாளா, அணைத்தாளா, பொதிந்தாளா?

பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்துச் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு கதையில் ‘என்ஃபோல்ட்’ (enfold) என்ற சொல் வந்தது: பாட்டி பேரனைத் தன் கைகளுக்குள் என்ஃபோல்ட் செய்கிறாள். ஒருத்தி ‘தழுவினாள்’ என்று எழுதியிருந்தாள், ஒரு பையன் ‘சுற்றினாள்’ என்று. அகராதிப்படி பார்த்தால் ரெண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் வாசித்தால் ரெண்டுமே ஒட்டவில்லை.

முதலில் ஆங்கிலத்திலேயே இதன் பங்காளிகளைப் பார்த்துவிடலாம். ‘ராப்’ (wrap) அன்றாடச் சொல், அல்வாப் பொட்டலத்துக்கும் சால்வைக்கும் அதுவே போதும். ‘என்வலப்’ (envelop, சூழ்வது) தீ, புகை, இருட்டு எதற்கும் வரும், அதில் பாசம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘எம்பிரேஸ்’ (embrace) கைகளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மதத்தை, கொள்கையை ஏற்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். ‘என்ஃபோல்ட்’டுக்குள் இருப்பதோ மடிப்பு. மடித்து, உள்ளே வைத்து, வெளியே தெரியாமல் காப்பது. பேச்சில் குறைவு, கதையிலும் கவிதையிலும்தான் அதிகம்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘தழுவு’ எம்பிரேஸுக்கு அச்சாகப் பொருந்துகிறது: மதம் தழுவினார் என்கிறோம், நாடு தழுவிய போராட்டம் என்கிறோம். ஆனால் காற்றும்கூடத் தழுவிவிட்டுப் போய்விடும், உள்ளே வைத்துக்கொள்ளாது. அதோடு எங்கள் பக்கத்தில் எந்த ஆச்சியும் பேரனைத் ‘தழுவி’ நான் கேட்டதில்லை.

‘அணை’ எடுத்தால் விளக்கை அணைப்பதும் அதே சொல்தானே என்று தோன்றும். ‘கொள்’ சேர்த்தால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. அணைத்துக்கொண்டாள் என்றால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள் என்றாகிறது. ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் ‘என்’ செய்கிற வேலையை நம்முடைய ‘கொள்’ பின்னால் நின்று செய்கிறது. ஆளை என்ஃபோல்ட் செய்வதற்கு இதுதான் என் தேர்வு.

துணி, இலை, காகிதம் என்றால் ‘பொதி’க்குப் பக்கத்தில் எதுவும் வராது. திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்போமே, பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து, மேலே இன்னொரு ஓலையை வைத்துக் கட்டி, வெந்தபிறகு பிரித்தால் ஓலையின் வரியும் மணமும் மாவில் ஏறியிருக்கும். எனக்கு என்ஃபோல்ட் என்றாலே அதுதான் கண்ணில் வருகிறது. குழந்தையைச் சால்வையில் பொதிந்து எடுத்தாள் என்று தாராளமாக எழுதலாம். ‘கைகளில் பொதிந்தாள்’ என்பது ஒரு கதையில் ஒருதடவை அழகு, மறுதடவை பொட்டலம் ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் பனியும் மேகமும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் நின்று பார்த்தால் மலையே தெரியாது, ‘மலை மூடிக் கெடக்கு’ என்பார்கள். மேகம் மலையைத் தழுவியது என்று எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. ‘மூடிக் கிடந்தது’ போதும், மென்மை வேண்டுமென்றால் ‘போர்த்தியிருந்தது’. ‘சூழ்ந்தது’ என்பதை என்வலப்புக்கு விட்டுவிடலாம், புகையும் பகையும் சூழ்கிற சொல் அது.

பிள்ளைகளின் நோட்டில் கடைசியில் இப்படித் திருத்தினேன்: “ஆச்சி அவனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.” கைகளைக் காணோமே சார் என்றான் அந்தப் பையன். அணைத்துக்கொள்வதில் கை வந்துவிட்டது, நெஞ்சைத்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றேன்.