மண் அரிப்பு செய்முறைப் பெட்டி: வகுப்பறையில் பயன்படுத்திப் பார்த்த பிறகு ஒரு மதிப்புரை

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கென விற்கப்படும் மண் அரிப்பு செய்முறைப் பெட்டியொன்றை எங்கள் அறிவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினோம். ஒளி ஊடுருவும் மூன்று நெகிழித் தட்டுகள், அவற்றை 5 பாகை அல்லது 15 பாகைச் சரிவில் நிறுத்தும் தாங்கி, அடியில் சிறு துளைகள் இட்ட மழைக்குவளை, அளவுக்கோடுள்ள குடுவைகள், புல் விதை, வைக்கோல், ஒரு பை மண், வெள்ளை நிறத் தெறிப்பு அட்டை, கைவிசிறி, வழிகாட்டிக் கையேடு ஆகியவை அதில் வருகின்றன. தட்டுகளுக்காகவும் மழைக்குவளைக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம். உடன் வரும் மண்ணைப் பயன்படுத்த வேண்டாம். கையேடு மண்ணைச் சரிவின் அடிவாரம் வரை கொண்டுவந்து அங்கேயே விட்டுவிடுகிறது என்பதால், அதற்கு அப்பாலுள்ள பாடத்தை ஆசிரியரோ பெற்றோரோதான் எடுத்துச் செல்ல வேண்டும்.

முதல் செய்முறை பலரும் அறிந்ததுதான்: ஒரு தட்டில் வெறும் மண், இன்னொன்றில் வைக்கோல் மூடாக்கு, மூன்றாவதில் முளைத்து வேர்பிடித்த புல். வெட்டிய பாட்டில்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, இந்தத் தட்டுகளின் வடிவமைப்பே என் பதில். வழிந்தோடும் நீர் வெளியேறும் விளிம்பு மண்ணின் மேற்பரப்புக்குச் சரிமட்டமாக அமைந்திருக்கிறது. மண்ணுக்குள் இறங்கிய நீர் வடிவதற்கு அடியில் தனியே ஒரு துளை இருக்கிறது. ஆகவே மேலே ஓடிய நீர் எவ்வளவு, உள்ளே இறங்கிய நீர் எவ்வளவு என்று பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியே அளக்க முடிகிறது. பாட்டிலில் இந்தப் பிரிவு கிடைக்காது. மழைநீரை உள்ளே விடும் ஆற்றலை இழந்த நிலத்தில்தான் அரிப்பு மிகுகிறது என்பது இந்த இரண்டு அளவுகளை அருகருகே எழுதும்போதுதான் அவர்களுக்குப் புலப்படுகிறது.

வெறும் மண் உள்ள தட்டை அருகிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் விழும் நீரை மண் முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது. சற்று நேரத்தில் மேற்பரப்பில் ஒரு மெல்லிய பளபளப்பு படர்கிறது. துளிகள் மோதி உடைத்த மண் கட்டிகளிலிருந்து பிரிந்த நுண்துகள்கள் இடைவெளிகளை அடைத்துக்கொண்டதன் அடையாளம் அது. அந்தப் பளபளப்பு தோன்றிய பின் நீர் இறங்குவது வெகுவாகக் குறைந்து, கலங்கலாக விளிம்பைத் தாண்டி ஓடத் தொடங்குகிறது. வைக்கோல் மூடிய தட்டில் துளிகளின் அடியை வைக்கோல் வாங்கிக்கொள்வதால் இந்த அடைப்பு ஏற்படுவதில்லை. நீர் தாமதமாக, குறைவாக, ஓரளவு தெளிவாக வெளிவருகிறது. புல் உள்ள தட்டில் இலைகள் துளிகளைத் தடுப்பதோடு வேர்கள் மண்ணைப் பிடித்தும் வைக்கின்றன. வேரின் பங்கை மட்டும் தனியே காண விரும்புவோர், புல்லை மண்மட்டத்தில் கத்தரித்துவிட்டு மீண்டும் மழை பெய்விக்கலாம். கையேட்டில் இது இல்லை.

தெறிப்பு அட்டை எளிய பொருளாக இருந்தாலும் பெட்டியின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பேன். மண் அரிப்பு ஓடும் நீரால் தொடங்குகிறது என்றே பெரும்பாலான பிள்ளைகள் எண்ணுகிறார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான். உண்மையில் அது ஒற்றை மழைத்துளி மண்ணில் மோதும் இடத்தில் தொடங்குகிறது. கனமழையில் விழும் பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. அது கிளப்பும் மண் துகள்கள் 60 சென்டிமீட்டர் உயரம் வரையிலும் 1.5 மீட்டர் தொலைவு வரையிலும் தெறிக்கக்கூடும். தட்டின் பின்னால் நிறுத்திய வெள்ளை அட்டையில் பழுப்புப் புள்ளிகள் மேலேறுவதைக் கண்ட பிறகு இதைத் தனியே விளக்க வேண்டிய தேவை இருக்காது.

ஆனால் குவளையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிக்கும்படி கையேடு கூறுகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர்தான். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே அளவுள்ள உண்மையான மழைத்துளியின் ஆற்றலில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கே இங்கு செயல்படுகிறது. பெரியவர் ஒருவர் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால் வேகம் 5 மீட்டரைத் தாண்டும். அட்டையில் வேறுபாடு உடனே தெரியும். இரண்டு உயரங்களிலிருந்தும் ஊற்றி இரண்டு அட்டைகளையும் ஒப்பிடச் செய்வது நல்லது. உயரமான மரத்தின் அடியில் சருகோ செடியோ இல்லாமல் துடைத்துப் பெருக்கிய தரை ஏன் அரிக்கப்படுகிறது என்ற கேள்விக்கும் இதே ஒப்பீடு விடை தருகிறது: இலை நுனியில் திரண்டு பெருத்து விழும் துளி, நேரே விழும் சிறு துளியைவிட மண்ணைப் பலமாகத் தாக்கவும் கூடும்.

இனி அந்த மண் பையைப் பற்றி. சலித்து, உலர்த்தி, தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டி மண் அது. நார்க்கழிவு மிதக்கிறது, நீரை அளவுக்கு மீறிப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதனால் வெறும் மண் உள்ள தட்டிலிருந்தும் ஓரளவு தெளிந்த நீரே வருகிறது. மண் அரிப்பைக் கற்பிக்க வந்த பெட்டியில், எளிதில் அரிக்கப்படாத ஒரு கலவையை வைத்திருப்பது பெரிய குறை. அதைவிட முக்கியமாக, உயிருள்ள மண்ணின் கட்டமைப்பு அதில் இல்லை. களியும் மட்கும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் கழிவும் சேர்ந்து துகள்களைச் சிறு கட்டிகளாக ஒட்டவைத்திருப்பதால்தான் நல்ல மேல்மண் மழையைத் தாங்குகிறது. எனவே அருகில் கிடைக்கும் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்: நெடுநாள் புல் மூடிய இடத்திலிருந்து கொஞ்சம், அடிக்கடி மிதிபட்டோ கிளறப்பட்டோ வெறுமையாகக் கிடக்கும் இடத்திலிருந்து கொஞ்சம். இரண்டிலும் ஒவ்வொரு காய்ந்த கட்டியைக் கம்பி வலையில் வைத்து, நீர் நிறைந்த குடுவையில் மெல்ல இறக்கினால், பெரும்பாலும் புல் மூடிய இடத்துக் கட்டி தன் உருவத்தோடு நிற்கும். மற்றொன்று ஓரங்களிலிருந்து உதிர்ந்து சேறாக அடியில் படியும். பெட்டியில் இல்லாத இந்தச் சிறு சோதனை, பெட்டியிலுள்ள பலவற்றைவிட அதிகம் கற்றுத் தருகிறது.

குடுவைகளில் சேர்ந்த நீரின் நிறத்தை ஒப்பிட்டு எழுதச் சொல்வதோடு கையேடு நிறுத்திக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளால் அதற்கு மேலும் செல்ல முடியும். கலங்கிய நீரை வடிதாளில் வடித்து, தாளை உலர்த்தி, எடை போட்டால் போன மண் கிராம் கணக்கில் கிடைக்கிறது. தட்டின் பரப்பு 40 × 15 சென்டிமீட்டர், அதாவது 0.06 சதுர மீட்டர். அதிலிருந்து 6 கிராம் மண் போயிருந்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம். ஹெக்டேருக்கு 1 டன். தட்டில் கிடைத்த எண் ஒரு வயலுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட சரிவில் நீர் வேகமெடுக்கிறது, சில இடங்களில் மண் மீண்டும் படியவும் செய்கிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இழப்பின் பேரளவை உணர்த்த இந்தக் கணக்கு உதவுகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் வெறும் 1 மில்லிமீட்டர் மண் போனாலே அது ஏறத்தாழ 13 டன். இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண் அமைப்பு கூறுவதை இந்த இடத்தில் சொன்னால் எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கப்பட்டிருக்கும் வரப்புச் செய்முறை முதல் பகுதியிலேயே வந்திருக்க வேண்டியது. ஈர மண்ணில் விரலால் சரிவின் போக்கிலேயே கோடுகள் கீறிவிட்டு மழை பெய்வித்தால், அந்தக் கோடுகள் வாய்க்கால்களாகி நீரை விரைந்து இறக்கிவிடுகின்றன. சிறிது நேரத்தில் ஓடை அரிப்பு கண்முன்னே உருவாகிறது. அதே தட்டில் சரிவுக்குக் குறுக்காகக் கீறினால் ஒவ்வொரு கோடும் ஒரு வரப்பைப் போல நீரைத் தேக்கி உள்ளே இறங்க நேரம் தருகிறது. சரிவை 15 பாகைக்கு உயர்த்தி மழையைத் தொடர்ந்தால், மேலுள்ள வரப்பு ஒன்று நிரம்பி ஓரிடத்தில் உடைகிறது. அதன் நீர் கீழுள்ள வரப்பையும் உடைக்கிறது. பிறகு அடுத்தடுத்து எல்லாம் அதே நேர்க்கோட்டில் உடைந்து ஒரே பள்ளமாகிறது. வரப்பு இருந்தால் மட்டும் போதாது, மிகுநீர் பாதுகாப்பாக வழிய ஒரு போக்கிடமும் வேண்டும் என்பதை எங்கள் மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்து, வழியும் இடத்தில் சிறு கற்களைப் பதித்தார்கள்.

கையேட்டின் பெருங்குறை, விளைவுகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. மண் போனால் பயிர் வளராது என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. “இந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினால் மண் எங்கே போகும்?” என்று ஒரு மாணவி குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தராத மண் அரிப்புப் பாடம் அரைப் பாடமே. வயலிலிருந்து போன மண் நீர்த்தேக்கங்களின் அடியில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது; ஆற்றுப் படுகையின் கற்களுக்கிடையே புதைந்து, அங்கு இடப்பட்ட மீன் முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்காமல் செய்கிறது; துகள்களோடு ஒட்டிச் செல்லும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏரியில் பாசியைப் பெருக்குகிறது, அந்தப் பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குன்றுகிறது. சீனாவின் மஞ்சள் ஆறு சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. படிக்கட்டு வயல்கள், தடுப்பணைகள், மரம் செடி வளர்ப்பு, பெரிய நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றால் அந்த அளவு பின்னர் மிகப் பெருமளவு குறைந்தது. மனித முயற்சி பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்வது கடினம். அரிப்பு முழுவதும் தீமை என்றும் கற்பிக்கக் கூடாது. வளமான ஆற்றுச் சமவெளிகளை உருவாக்கியதும் அதுவே. இயற்கை மண்ணை உருவாக்கும் வேகத்தைவிட நாம் அதை இழக்கும் வேகம் மிகும்போதுதான் அது கேடாகிறது.

காற்று அரிப்புக்கான கைவிசிறிப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் வீசிய புழுதிப் புயல்களைப் பற்றி ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய பெரும்புயலையும் அதே மாதம் 27ஆம் நாள் அங்கு மண் பாதுகாப்புச் சட்டம் உருவானதையும் அது சேர்த்துச் சொல்கிறது. செய்முறையோ மணலைக் கண்களை நோக்கி வீசுகிறது. பாதுகாப்புக் கண்ணாடி பெட்டியில் இல்லாததால், கண்ணாடி ஏற்பாடு செய்யாமல் இதைச் செய்ய வேண்டாம்.

தட்டுகள் உறுதியானவை, ஒரு பருவப் பயன்பாட்டில் எதுவும் விரிசல் விடவில்லை. அடித்துளையின் சல்லடை மட்டும் களிமண்ணால் அடைபடுகிறது என்பதால் ஒவ்வொரு முறையும் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு பெட்டி நான்கு பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் சிலர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். புல் வேர்பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் மூன்றாவது தட்டை முன்கூட்டியே விதைத்து வையுங்கள். கலங்கிய நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், தெளியவைத்து, அடியில் தங்கும் மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.