மேல் ஜி-யைத் தாண்டாத உதடு: டிரம்பெட் பயிற்சி முறைகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பேண்டு செட்டுகளில் டிரம்பெட் பிடிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் மூத்தவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் ஊதுவதைக் காதில் வாங்கி, வால்வுகளில் விரல் போகும் போக்கைக் கண்ணால் பிடித்தே தொழில் பழகுகிறார்கள். இந்த வழியில் பாட்டு சீக்கிரம் கைக்கு வந்துவிடும். சிக்கல் பிறகுதான் தொடங்கும். மேற்கத்திய நொட்டேஷனில் சுரங்களை எழுதும் ஐந்து கோடுகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜி சுரத்தைத் தாண்ட வேண்டிய இடத்தில் மௌத்பீஸை உதட்டோடு அழுத்துவார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வீட்டு வாசலை அடைவதற்குள் உதட்டில் சிவந்த வளையம் பதிந்துவிடும், ஒலியும் கிழியத் தொடங்கும். பாட்டு தெரிந்தும் மேல் ஸ்தாயி கிடைக்காத இந்த நிலையில் இருப்பவருக்கு, உலகெங்கும் புழங்கும் பயிற்சி முறைகளில் எது உதவும் என்பதை அளவுகோலாக வைத்தே அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

டிரம்பெட்டின் மூன்று வால்வுகளால் கிடைக்கும் குழாய் நீளங்கள் ஏழுதான். எந்த வால்வையும் தொடாமலே கீழ் ஸி, ஜி, நடு ஸி, ஈ, ஜி, மேல் ஸி என்று ஏறிக்கொண்டே போகலாம்; எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை உதடும் மூச்சும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாதஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையை இங்கே உதடே செய்தாக வேண்டும். ஆகவே ஒரு முறையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, அந்த உதட்டைப் பற்றி அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான். விரல் பயிற்சிகளைப் பொறுத்தவரை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே.

மூத்தது ஆர்பன் முறை. பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழான் பாப்டிஸ்ட் ஆர்பன் 1864-இல், டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட்டுக்காக வெளியிட்ட அந்தப் பெரும் புத்தகம் இன்றுவரை டிரம்பெட் மாணவர்களின் கையில் இருக்கிறது. நாதஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்று சொல்லிப் பழகும் நாக்கு வேலையை ஒற்றை, இரட்டை, மும்மை என்று பிரித்துப் பக்கம் பக்கமாகப் பயிற்றுவிப்பதில் இதற்கு ஈடு கிடையாது. உதட்டைப் பற்றியோ இது சொல்வது மிகக் குறைவு: மௌத்பீஸின் மூன்றில் ஒரு பங்கு மேலுதட்டிலும் இரண்டு பங்கு கீழுதட்டிலும் அமர வேண்டும் என்பதே அதில் முக்கியமானது. அந்த அளவையும் பின்னால் வந்த ஆசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. உதடு ஏற்கெனவே சரியாக வேலை செய்யும் ஒருவரை இசைக்கலைஞராக வளர்க்கும் புத்தகம் இது. மேல் ஜி-யில் முட்டி நிற்பவர் இதன் பின்பகுதியைத் திறந்தால் இன்னும் பலமாக அழுத்தக் கற்பதுதான் மிச்சம்.

அமெரிக்க பேண்டு மாஸ்டர் சூசாவின் புகழ்பெற்ற பேண்டில் தனிக் கார்னெட் வாசித்த ஹெர்பர்ட் கிளார்க், 1912-இல் வெளியான தம் பயிற்சிப் புத்தகத்தில் வேறு வழியில் போகிறார். சின்னஞ்சிறு சுரக் கோவையை, காதோடு பேசும் அளவுக்குச் சன்னமாக, ஒரே மூச்சில் எட்டு முதல் பதினாறு தடவை திரும்பத் திரும்ப ஊத வேண்டும். பிறகு அரைச் சுரம் ஏற்றி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இவ்வளவு சன்னமாக ஊதும்போது அழுத்தத்தை நம்ப முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம்: அழுத்தினால் உதட்டின் அதிர்வு நின்று ஒலி அறுந்துபோகும். சுவரும் சுவரும் ஒட்டிய ஓட்டு வீட்டில், பக்கத்து வீட்டார் தூங்கும் நேரத்தில் சாதகம் செய்ய வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. ஆனால் திறந்த வெளியில் தவிலோடும் வெடியோடும் போட்டியிட்டு ஊத வேண்டிய பலத்தை இது மட்டும் தராது.

கிளார்க்கிடமே பயின்ற கிளாட் கார்டன் 1965-இல் வெளியிட்ட முறை ஐம்பத்திரண்டு வாரத் திட்டமாக அமைந்தது. டிரம்பெட்டின் வழக்கமான எல்லைக்குக் கீழே போகும் ஆழ்சுரங்களையும், மேலே ஏறிக்கொண்டே போகும் பயிற்சிகளையும் நாள்தோறும் செய்யச் சொல்கிறது. ஒழுங்கு மிக்க முறைதான். ஆனால் வைகாசி முகூர்த்தங்களில் அடுத்தடுத்து ஊர்வலம் ஊதிவிட்டு வீங்கிய உதட்டோடு வீடு திரும்புகிறவர், மறுநாள் காலையில் அதற்கு மேலும் உதட்டுக்கு வேலை கொடுப்பது நடக்கிற காரியமல்ல.

கார்மைன் கருசோ அடிப்படையில் சாக்ஸபோன் கலைஞர். பித்தளை வாத்தியக்காரர்களுக்குத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தே பெயர் பெற்றவர். அவருடைய விதிகள் நான்கு: காலால் தாளம் தட்ட வேண்டும், இடைவெளியிலும் மௌத்பீஸை உதட்டிலிருந்து எடுக்கக் கூடாது, மூச்சின் ஓட்டம் சீராக இருக்க வேண்டும், மூக்கால் மட்டுமே மூச்சு இழுக்க வேண்டும். இரண்டாம் கோட்டு ஜி-யில் தொடங்கும் நீண்ட சுரங்களை, ஒலி நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல், காலப்பிரமாணத்தை மட்டும் காத்து ஊத வேண்டும். தசைகள் தாமாகவே ஒத்திசையக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. தாளக்கட்டில் ஊறிய நம் பையன்களுக்கு முதல் விதி ஒரு பொருட்டே அல்ல, இரண்டாவதுதான் அபாயம். அழுத்தும் பழக்கம் உள்ளவர் மௌத்பீஸை எடுக்காமலே வைத்திருந்தால் அந்தப் பழக்கம் கெட்டிப்படும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றிலிருந்தும் தனியே நிற்பது, டிரம்பெட் ஆசிரியர் ஜெஃப் ஸ்மைலி வகுத்த ‘பேலன்ஸ்டு எம்பஷர்’ முறை. எம்பஷர் என்பது ஊதும்போது உதட்டை வைத்துக்கொள்ளும் விதம். மற்றவர்கள் சுரத்தையும் மூச்சையும் காலத்தையும் கொடுத்துவிட்டு உதடு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும் என்று விட்டுவிட, இவர் நேராக உதட்டிலேயே கை வைக்கிறார். இதில் இரண்டு எதிரெதிர் அசைவுகள் முக்கியமானவை. ஒன்றில் உதட்டை வெளிப்புறமாக விரித்து, அதன் சிவந்த பகுதி மௌத்பீஸுக்குள் நிறையும்படி வைத்துக் கீழ்ச் சுரங்களையும் ஆழ்சுரங்களையும் ஊத வேண்டும். மற்றதில் இரண்டு உதடுகளையும் சிவப்பு வெளியே தெரியாதபடி பல்மேல் உள்ளே மடித்து, இறுக மூடி, முதலில் வாத்தியம் இல்லாமலே சிறிதளவு காற்றை நெருக்கி வெளியேற்ற வேண்டும். கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கீச்சொலியோடு மௌத்பீஸையும் வாத்தியத்தையும் சேர்த்தால், அதுவரை எட்டாத மேல் ஸ்தாயிச் சுரம் ஒன்று, கேட்க அழகில்லாமல்தான் என்றாலும், அழுத்தமின்றி வந்து விழும். இந்த மடிப்போடு கச்சேரியில் ஊதச் சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சி வேளையில் உதடு இரு கோடிகளுக்கும் போய் வரப் பழகினால், வழக்கமாக ஊதும்போது அது தனக்கு வேண்டிய அளவைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. ஒரே இடத்தில் உதட்டை நிலைநிறுத்தச் சொல்லும் பழைய போதனைக்கு இது நேர் எதிர்.

குறைகளும் உண்டு. தொடக்க வாரங்களில் வரும் சத்தம் கேட்கச் சகிக்காது. பேண்டு மாஸ்டர் காதில் விழுந்தால் பையனுக்குத் திட்டு நிச்சயம். நாக்கு வேலையிலோ பாட்டின் நயத்திலோ ஆர்பன் தரும் செல்வத்தில் பத்தில் ஒரு பங்கும் இதில் இல்லை. இருந்தும், நான் சொன்ன நிலையில் இருப்பவருக்கு முதலில் இதையே பரிந்துரைப்பேன். அவருடைய குறை பாட்டிலோ விரலிலோ இல்லை, அசையாத உதட்டில் இருக்கிறது. அந்த இடத்தை நேராகத் தொடும் முறை இது ஒன்றே.

தொடங்கும் காலமும் முக்கியம். ஆடியில் முகூர்த்தம் இல்லாவிட்டாலும் முளைப்பாரி ஊர்வலம் இருக்கும். புரட்டாசியும் மார்கழியுமே பேண்டுக்காரருக்கு ஓரளவு ஓய்வான மாதங்கள். புரட்டாசியில் உதட்டு அசைவுகளைத் தொடங்கி, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல் செய்து, கூடவே கிளார்க்கின் முதல் பயிற்சியைச் சன்னமாக ஊதி வந்தால், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியில் ஊதப் போகும்போது வித்தியாசம் தெரிவதற்குப் போதிய அவகாசம் இருக்கும். ஊர்வலம் ஊதிய மறுநாள் உதட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

பள்ளி பேண்டிலோ தேவாலய இசைக்குழுவிலோ புதிதாகச் சேரும் சிறுவனுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவன் உதட்டில் இன்னும் கெட்ட பழக்கம் எதுவும் ஏறவில்லை. நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் தேவையும் அவனுக்கு உண்டு. அவன் ஆர்பனின் முன்பகுதியிலேயே தொடங்கலாம், மேல் ஸ்தாயிக்கு அவசரப்படாத ஆசிரியர் ஒருவர் கிடைத்தால்.